பப் நிறுவனத்தோடு தகராறா? நடுவர் விசாரணைக்குப் போகும் வழி

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு பப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறீர்கள். கட்டடம் ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சொந்தம். வாடகையை உயர்த்தி ஒரு கடிதம் வருகிறது. அல்லது பீர் விலை கட்டுப்படியாகவில்லை. பேசிப் பார்க்கிறீர்கள், எதுவும் நகரவில்லை. இனி கோர்ட்தான் என்று நினைத்து, அதன் செலவுக்குப் பயந்து, பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

கோர்ட்டுக்கு முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. பப்ஸ் கோட் என்ற விதித்தொகுப்பு 2016 ஜூலை 21 முதல் நடைமுறையில் உள்ளது. அதை மேற்பார்வை பார்க்க பப்ஸ் கோட் அட்ஜுடிகேட்டர் என்ற அரசு அதிகாரி இருக்கிறார். அலுவலகம் பர்மிங்காமில். விதியை நிறுவனம் மீறியிருந்தால் 200 பவுண்டு கட்டி அவரிடம் தகராறைக் கொண்டுபோகலாம். அவரோ அவர் நியமிக்கும் நடுவரோ விசாரித்துத் தீர்ப்பளிப்பார், அது இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

இந்த வழி மலிவானதுதான், ஆனால் நாள் கணக்கில் மிகவும் கறாரானது. முழு நியாயமும் உங்கள் பக்கம் இருந்தாலும் ஒரு தேதி தவறினால் கதவு சாத்திக்கொள்ளும். அதனால் இந்தக் கட்டுரையில் தேதிகளும் காகிதங்களும்தான் அதிக இடம் பிடிக்கும். இது பொதுவான வழிகாட்டி. உங்கள் குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரு சொலிசிட்டர் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது.

முதலில், 'டை' என்ற ஏற்பாடு

லண்டனில் மளிகைக் கடை, ஆஃப் லைசென்ஸ் நடத்திப் பழகியவர்களுக்குக் கடைக் குத்தகை தெரிந்த விஷயம். வாடகை கட்டினால் போதும், சரக்கை எங்கே வாங்குவது என்பது உங்கள் விருப்பம். 'டை' உள்ள பப் குத்தகை அப்படியில்லை. பீரையும், பல ஒப்பந்தங்களில் மற்ற மதுவையும், கட்டடச் சொந்தக்காரரான நிறுவனத்திடமிருந்தோ அது சொல்லும் இடத்திலிருந்தோதான் வாங்க வேண்டும். விலை பொதுவாக வெளிச்சந்தையைவிடக் கூடுதல். அதற்குப் பதிலாகக் கட்டட வாடகை குறைவாக இருக்கும், சில உதவிகளும் கிடைக்கும் என்பது நிறுவனங்களின் வாதம். தொழிலில் இருப்பவர்கள் கட்டட வாடகையை 'டிரை ரெண்ட்' என்றும், பீர் விலையில் ஒளிந்திருக்கும் கூடுதல் தொகையை 'வெட் ரெண்ட்' என்றும் சொல்வார்கள். இரண்டையும் கூட்டினால்தான் நீங்கள் உண்மையில் கட்டும் வாடகை தெரியும். வாடகை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து கையெழுத்துப் போடும் முன்பு, இந்தக் கூட்டலைச் செய்து பாருங்கள்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 1989 வரை பெரிய மது ஆலைகளே ஆயிரக்கணக்கான பப்களை வைத்திருந்தன. போட்டி இல்லாமல் போகிறது என்று அந்த ஆண்டு அரசு பீர் ஆர்டர்ஸ் என்ற ஆணைகளைக் கொண்டுவந்து, 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆலைகள் பப்களை விற்றன. வாங்கியவை, பீரே காய்ச்சாத புதிய பப் நிறுவனங்கள். சொந்தக்காரர் மாறினார், டை மாறவில்லை. குத்தகைக்காரர்களின் புகார்களை நாடாளுமன்றக் குழுக்கள் திரும்பத் திரும்ப விசாரித்தன. கடைசியில் 2014 நவம்பர் 18 அன்று, கிரெக் மல்ஹாலண்ட் என்ற எம்.பி. கொண்டுவந்த திருத்தம் அரசின் எதிர்ப்பையும் மீறி 284-க்கு 269 என்ற வாக்கில் நிறைவேறியது. 2015-ல் அது சட்டமானது. இதன்படி கோடுக்கு இரண்டு அடிப்படைகள் உண்டு. நிறுவனம் குத்தகைக்காரரிடம் நேர்மையாகவும் சட்டப்படியும் நடந்துகொள்ள வேண்டும். டை உள்ளவர், டை இல்லாதவரைவிட மோசமான நிலையில் இருக்கக் கூடாது. உங்கள் தகராறு எதுவானாலும் இந்த இரண்டில் எதைத் தொடுகிறது என்று யோசித்தால் வாதத்துக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும்.

படி 1: கோட் உங்களுக்குப் பொருந்துமா?

எல்லா நிறுவனங்களுக்கும் கோட் பொருந்தாது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட டை பப்களுக்குச் சொந்தக்காரர்களாக உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். தொடக்கத்தில் அவை ஆறு: அட்மிரல் டேவர்ன்ஸ், என்டர்பிரைஸ் இன்ஸ், கிரீன் கிங், மார்ஸ்டன்ஸ், பஞ்ச், ஹைனெக்கனுக்குச் சொந்தமான ஸ்டார். என்டர்பிரைஸ் பின்னர் இ.ஐ. குரூப் ஆகி, 2020-ல் ஸ்டோன்கேட் கைக்குப் போனது. நிறுவனங்கள் வாங்கி விற்றுக்கொண்டே இருப்பதால், உங்கள் பத்திரத்தில் உள்ள பெயர் இன்று எந்தக் குழுமத்தைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் ஒப்பந்த வகை. பப்பில் விற்கும் மதுவில் கொஞ்சமாவது நிறுவனம் சொல்லும் இடத்தில் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் அது டை பப். நிறுவனத்தின் சம்பளத்தில் மேனேஜராக இருப்பவருக்குக் கோட் இல்லை. பிராஞ்சைஸ் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு வாடகை மதிப்பீடும் டை-யிலிருந்து வெளியேறும் உரிமையும் கிடைக்காது. தற்காலிகமாகத் தரப்படும் குறுகிய கால ஒப்பந்தங்களுக்கும் பல விதிகள் பொருந்தாது. 'முதலில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள், அப்புறம் நீண்ட குத்தகை தருகிறோம்' என்று யாராவது சொன்னால், அந்த ஆறு மாதத்தில் என்னென்ன பாதுகாப்பு இல்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் உள்ளே இருக்கும்போதே நிறுவனம் அந்தப் பப்பைச் சின்ன நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டால், கோடின் சில பாதுகாப்புகள் குறிப்பிட்ட காலத்துக்குத் தொடரும். டை-யிலிருந்து வெளியேறும் உரிமை மட்டும் தொடராது.

படி 2: தகராறுக்குச் சரியான பெயர் வையுங்கள்

நடுவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பப்ஸ் கோட் மீறப்பட்டதா? 'எங்களை மரியாதையில்லாமல் நடத்துகிறார்கள்' என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை ஒரு விதியோடு கட்டினால்தான் வழக்கு நிற்கும். குத்தகைப் பத்திரத்தில் உள்ள ஒரு வரிக்கு என்ன பொருள், வாடகை பாக்கி எவ்வளவு என்பது மாதிரியான சண்டைகள் பெரும்பாலும் இந்த வாசலுக்கு உரியவை அல்ல. அவை சாதாரண கோர்ட்டுக்குப் போகும்.

இந்த வாசலுக்கு உரியவற்றில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

குத்தகை தொடங்கும் முன்பு நிறுவனம் தர வேண்டிய தகவல்களைத் தராதது, அல்லது தவறாகத் தந்தது. கட்டடத்தின் நிலை, வாடகைக் கணக்கு, பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்று ஒரு நீண்ட பட்டியலே விதியில் இருக்கிறது. நீங்கள் ஒரு தொழில் திட்டம் எழுதவும், தனியாக ஆலோசனை பெறவும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

வாடகை மதிப்பீடு. ஐந்து ஆண்டுகளாக மதிப்பீடு நடக்காவிட்டால் நீங்களே கேட்டுப் பெறலாம். நிறுவனம் அனுப்பும் வாடகை முன்மொழிவில், எந்த விற்பனைக் கணிப்பிலிருந்து அந்தத் தொகை வந்தது என்பது தெரிய வேண்டும். அது ரிக்ஸ் எனப்படும் சர்வேயர்கள் அமைப்பின் வழிகாட்டுதல்படி தயாரிக்கப்பட்டது என்று அதன் உறுப்பினர் ஒருவர் எழுத்தில் உறுதி தந்திருக்க வேண்டும். தொகையை மட்டும் எழுதி ஒரு கடிதம் வந்தால், அதுவே விதிமீறலாக இருக்க வாய்ப்புண்டு.

பீர் குழாயில் பொருத்தும் அளவுமானி. நீங்கள் வெளியே சரக்கு வாங்கினீர்கள் என்று அந்த மானியின் கணக்கை மட்டுமே வைத்து நிறுவனம் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

கட்டட இன்சூரன்ஸ். நிறுவனம் எடுத்துவிட்டு உங்களிடம் வசூலித்தால் அதன் விவரங்களை உங்களுக்குத் தர வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது எம்.ஆர்.ஓ., அதாவது டை-யை விட்டு வெளியேறி, சந்தை வாடகை மட்டும் கட்டி, சரக்கை விரும்பிய இடத்தில் வாங்கும் உரிமை. நடுவரிடம் போகும் கடுமையான சண்டைகள் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

படி 3: எம்.ஆர்.ஓ. கேட்பதானால் நாள் எண்ணத் தொடங்குங்கள்

எம்.ஆர்.ஓ.வை நினைத்த நேரத்தில் கேட்க முடியாது. நான்கு சந்தர்ப்பங்கள் உண்டு. வாடகை மதிப்பீடு வரும்போது, குத்தகையைப் புதுப்பிக்கும்போது, டை சரக்கின் விலை விதி சொல்லும் அளவுக்கு மேல் ஏறும்போது, எதிர்பாராத ஒரு நிகழ்வு உங்கள் வியாபாரத்தைக் கடுமையாகப் பாதிக்கும்போது. கடைசியாகச் சொன்னதை நிரூபிப்பது சிரமம். நிகழ்வு உங்கள் கையை மீறியதாகவும், முன்கூட்டி ஊகிக்க முடியாததாகவும், நாட்டிலுள்ள எல்லாப் பப்களையும் அல்லாமல் உங்களைப் போன்ற சிலரை மட்டும் பாதிப்பதாகவும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேலை பார்த்த பக்கத்துத் தொழிற்சாலை திடீரென்று மூடினால் யோசிக்கலாம். நாடு முழுவதும் மின்கட்டணம் ஏறினால் முடியாது.

சந்தர்ப்பம் வந்ததும் 21 நாளுக்குள் எம்.ஆர்.ஓ. நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். நிறுவனத்தின் கையில் சேர்ந்த நாளைக் கணக்கில் வையுங்கள், நீங்கள் அனுப்பிய நாளை அல்ல. கடிதம் வந்த நாளையே முதல் நாளாக எண்ணிக்கொண்டால் தவறு வராது. உதாரணமாக, வாடகை முன்மொழிவு மார்ச் 3 அன்று வந்தால் மார்ச் 23-ஐக் கடைசி நாள் என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, 13-ஆம் தேதிக்குள் ஈமெயிலிலும் ரெக்கார்டட் டெலிவரியிலும் அனுப்பிவிடுங்கள். நோட்டீஸ் கொடுத்ததால் உங்களுக்குக் கட்டாயம் எதுவுமில்லை. நிபந்தனைகளைப் பார்த்துவிட்டு டை-யிலேயே தொடரலாம் என்று முடிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே சந்தேகமாக இருந்தால் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

நோட்டீஸ் செல்லும் என்றால் நிறுவனம் 28 நாளுக்குள் முழுப் பதில் தர வேண்டும்: டை இல்லாத குத்தகையின் நிபந்தனைகள், அதற்கான வாடகை, இரண்டும். இங்கேதான் பெரும்பாலான உரசல் தொடங்கும். பழைய பத்திரத்தில் ஒரு சிறு திருத்தம் போட்டால் போதும் என்றிருக்க, புத்தம்புதிய குத்தகையும் பெரிய முன்பணமும் கேட்டால் வெளியேறுவதே கட்டுப்படியாகாமல் போய்விடும். டை இல்லாத குத்தகைகளில் வழக்கத்தில் இல்லாத நிபந்தனையை எம்.ஆர்.ஓ.வில் திணிக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. மது ஆலைகள் தங்கள் பீரும் பப்பில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. டை-யிலிருந்து வெளியேற முயன்றவர்களிடம் ஹைனெக்கன் பீர்களை நியாயமற்ற அளவுக்கு வைக்கச் சொன்னதற்காக, அட்ஜுடிகேட்டராக இருந்த பியோனா டிக்கி 2020 அக்டோபரில் ஸ்டார் நிறுவனத்துக்கு 20 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார். அவர் கண்டறிந்த மீறல்கள் 12. நிறுவனத்தின் பதிலில் இப்படி ஒரு நிபந்தனை உங்கள் கண்ணில் பட்டால், இந்த முடிவை எடுத்துப் படித்துவிட்டுப் பேசப் போங்கள்.

நிபந்தனைகள் சரி, வாடகைத் தொகைதான் அதிகம் என்றால் தனியான மதிப்பீட்டாளர் ஒருவர் தொகையை நிர்ணயிப்பார். நிபந்தனைகளே விதிக்கு ஒத்துவரவில்லை என்றால் அட்ஜுடிகேட்டரிடம் போக வேண்டும். இதற்கான கெடு மற்ற புகார்களுக்கானது போல இருக்காது. 2022 ஏப்ரல் 1 முதல் எம்.ஆர்.ஓ. நடைமுறை திருத்தப்பட்டது, பேச்சுவார்த்தைக்கான கால அளவும் மாறியது. அதற்கு முந்தைய குறிப்புகளைப் பார்த்து நாள் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். அட்ஜுடிகேட்டர் அலுவலகத்தின் இப்போதைய தகவல் தாளை மட்டும் நம்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. பப்பைப் புதுப்பிக்க நிறுவனம் பெரிய தொகை முதலீடு செய்ய முன்வரும்போது, அதற்கு ஈடாக எம்.ஆர்.ஓ. உரிமையைச் சில ஆண்டுகளுக்கு விட்டுத்தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கலாம். சட்டம் இதை அனுமதிக்கிறது, ஏழு ஆண்டு வரை. புதிய சமையலறை கிடைக்கிற மகிழ்ச்சியில் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

படி 4: தகராறு வரும் முன்பே காகிதம் சேருங்கள்

நிறுவனத்தின் சார்பில் உங்களைப் பார்க்க வருபவர் பிசினஸ் டெவலப்மென்ட் மேனேஜர், சுருக்கமாக பி.டி.எம். நல்லவராகவே இருக்கலாம். டீ குடித்துக்கொண்டே 'வாடகையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறேன்' என்பார். ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுவார். புதிதாக வருபவருக்கு அந்தப் பேச்சு எதுவும் தெரியாது.

வாடகை, பழுதுபார்ப்பு, தொழில் திட்டம் பற்றி பி.டி.எம். உங்களோடு பேசினால், அவர் குறிப்பெடுத்து 14 நாளுக்குள் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கோட் சொல்கிறது. அதில் ஏதாவது தவறாக இருந்தால் 7 நாளுக்குள் நீங்கள் மறுப்பு எழுத வேண்டும். இந்த 7 நாளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வேலை நெருக்கடியில் அந்த ஈமெயில் திறக்கப்படாமலே கிடக்கும். ஓராண்டு கழித்து நடுவர் முன்னால், 'குறிப்பை அனுப்பினோம், அவர் மறுக்கவில்லை' என்று நிறுவனம் அதையே ஆதாரமாக வைக்கும். குறிப்பே வரவில்லை என்றால், அன்றிரவே நீங்கள் ஒரு ஈமெயில் அனுப்புங்கள்: 'இன்று இன்னின்னது பேசினோம், நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்.' நாலு வரி போதும்.

இவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்: குத்தகைப் பத்திரம், பின்னால் போட்ட எல்லா மாற்றங்கள், குத்தகைக்கு முன்பு கிடைத்த தகவல் தொகுப்பு, விலைப்பட்டியல்கள் தேதியோடு, சரக்கு பில்கள், வாட் கணக்கு, வாராந்திர விற்பனை, கட்டடத்தின் போட்டோக்கள். விலை ஏற்றத்தைக் காரணம் காட்ட வேண்டுமானால் பழைய விலைப்பட்டியல் கையில் இருந்தே ஆக வேண்டும்.

படி 5: நிறுவனத்துக்கு முறைப்படி அறிவியுங்கள்

நேராக அட்ஜுடிகேட்டரிடம் போக முடியாது. கோட் மீறப்பட்டிருக்கிறது என்று முதலில் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தி, 21 நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் கோட் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். கடிதத்தை அவர் பெயருக்கு அனுப்பி, பி.டி.எம்.முக்கு நகல் போடுங்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். பப்பின் பெயர், குத்தகைத் தேதி, என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, கோடின் எந்த ஒழுங்குவிதி மீறப்பட்டது, அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும். இவ்வளவுதான். கூடவே 'இது 2015 சட்டத்தின் கீழ் நடுவர் விசாரணைக்கு முந்தைய அறிவிப்பு' என்று ஒரு வரி தெளிவாக இருக்கட்டும். அந்த வரி இல்லாவிட்டால், உங்கள் கடிதம் சாதாரணப் புகாரா முறையான அறிவிப்பா என்பதே பின்னால் ஒரு தனி வாதமாகிவிடும்.

இந்த 21 நாளில் சமாதானம் பேச வந்தால் மறுக்க வேண்டாம். பேச்சு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கெடுவை மட்டும் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

படி 6: அட்ஜுடிகேட்டரிடம் விண்ணப்பம்

21 நாள் முடிந்ததும் வாசல் திறக்கும். அந்த முதல் நாளிலிருந்து நான்கு மாதம் திறந்திருக்கும், அதற்குப் பிறகு மூடிவிடும். மே 1 அன்று அறிவித்தால் மே 22 முதல் விண்ணப்பிக்கலாம், செப்டம்பர் 21-க்குள் முடித்துவிட வேண்டும். நான் என்றால் ஜூன் மாதமே அனுப்பிவிடுவேன். நான்கு மாதம் நீண்டதாகத் தெரியும், ஆனால் கோடைக்காலத்தில் பப் நடத்துகிறவருக்கு அது பறந்துவிடும்.

விண்ணப்பப் படிவம் அரசு இணையதளத்தில் அட்ஜுடிகேட்டரின் பக்கத்தில் கிடைக்கும். கட்டணம் 200 பவுண்டு. படிவத்தில் புதிதாக ஒரு கதை எழுதாமல், நிறுவனத்துக்கு அனுப்பிய அறிவிப்பில் சொன்னதையே சொல்லுங்கள். அறிவிப்பில் இல்லாத புதுப் புகாரைச் சேர்த்தால், 'இதைப் பற்றி எங்களுக்குச் சொல்லவே இல்லை' என்று நிறுவனம் நியாயமாகவே ஆட்சேபிக்கும்.

செலவு பற்றிய பயம்தான் பலரைத் தடுக்கிறது, அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நடுவரின் கட்டணத்தையும் செலவையும் பொதுவாக நிறுவனமே ஏற்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் வழக்குச் செலவில் உங்கள் தலையில் விழக்கூடிய தொகைக்கு 2,000 பவுண்டு என்று உச்சவரம்பு உண்டு. வெறும் தொந்தரவு கொடுப்பதற்காகவே வழக்குப் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நியாயமான சந்தேகத்தோடு வந்தவர் அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் சொந்த சொலிசிட்டர், சர்வேயர் செலவு மட்டும் உங்களுடையது. என் கருத்து, வாடகை சம்பந்தப்பட்ட தகராறானால் முழு வழக்குக்கும் சொலிசிட்டர் வைப்பதைவிட, பப் வாடகையில் அனுபவமுள்ள ஒரு சர்வேயருக்குப் பணம் செலவழிப்பது பலன் தரும். பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூட் ஆப் இன்கீப்பிங் போன்ற தொழில் அமைப்பில் உறுப்பினராக இருந்தால் ஆலோசனைக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும்.

படி 7: விசாரணை

அட்ஜுடிகேட்டர் தானே நடுவராக இருக்கலாம், அல்லது வேறொருவரை நியமிக்கலாம். இங்கிலாந்தின் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டமும், நடுவர்களின் தொழிலமைப்பான சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆப் ஆர்பிட்ரேட்டர்ஸின் விதிகளும் நடைமுறைக்கு அடிப்படை. நடுவர் முதலில் ஒரு கால அட்டவணை தருவார்: உங்கள் கோரிக்கை அறிக்கை எந்தத் தேதிக்குள், நிறுவனத்தின் பதில் எப்போது, ஆவணங்களும் சாட்சி அறிக்கைகளும் எப்போது. சில வழக்குகள் காகிதங்களை வைத்தே முடியும், சிலவற்றில் நேரில் விசாரணை இருக்கும்.

கோரிக்கை அறிக்கையை எழுதும்போது சம்பவங்களைத் தேதி வரிசையில் எண்ணிட்ட பத்திகளாக எழுதுங்கள். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அதற்கான ஆவணத்தின் எண்ணைக் குறியுங்கள். உங்கள் பப்பைப் பற்றி நடுவருக்கு எதுவும் தெரியாது. எந்தத் தெரு, எத்தனை இருக்கை, சாப்பாட்டு வியாபாரம் எவ்வளவு, எந்த நாளில் கூட்டம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் வாடகைக் கணிப்பு ஏன் தவறு என்பது அவருக்குத் தானே புரியும். கேட்கும் தீர்வையும் திட்டவட்டமாகக் கேளுங்கள். 'நியாயம் வேண்டும்' என்பதை வைத்து நடுவரால் எதுவும் உத்தரவிட முடியாது. 'முழுப் பதிலில் உள்ள இந்த நிபந்தனையை நீக்கித் திருத்திய பதில் தர வேண்டும்' என்றால் முடியும். பணமாக ஈடு கேட்பதானால் கணக்கு இணைத்திருக்க வேண்டும்.

தேதி நெருங்கும்போது முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே நடுவருக்கு எழுதி அவகாசம் கேளுங்கள். கெடு தாண்டிய பிறகு கேட்பது வேறு விஷயம். நடுவருக்கு எழுதும் எதுவானாலும் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும்.

நிறுவனத்தின் பக்கம் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் இருப்பார்கள், பதில்கள் ஐம்பது பக்கத்துக்கு வரும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். அட்ஜுடிகேட்டர் அலுவலகம் பல தீர்ப்புகளை வெளியிட்டிருக்கிறது. உங்கள் பிரச்சினையை ஒத்த இரண்டு மூன்றைப் படித்தால், நடுவர்கள் எதைக் கேட்கிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள் என்பது பிடிபடும்.

இதற்கிடையில் செய்யக் கூடாதவை

வாடகையை நிறுத்தாதீர்கள். வணிகக் கட்டடத்தின் சொந்தக்காரருக்கு வாடகை பாக்கி இருந்தால் பொருள்களை ஜப்தி செய்யவும், பூட்டை மாற்றிக் கட்டடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இங்கிலாந்துச் சட்டத்தில் வழி உண்டு. கோட் வழக்கு நடக்கிறது என்பது அதற்குத் தடையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். தொகையை ஏற்கவில்லை என்றால் 'ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்' என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள். அதேபோல, எம்.ஆர்.ஓ. கேட்டுவிட்டோமே என்று டை-யை மீறி வெளியே பீர் வாங்குவதும் கூடாது. புதுக் குத்தகை கையெழுத்தாகும் வரை பழையதே செல்லும்.

உரிமையைப் பயன்படுத்தியதற்காக உங்களைப் பழிவாங்க நிறுவனத்துக்கு அனுமதியில்லை, கோடில் இதற்குத் தனி விதியே இருக்கிறது. திடீரென்று கடன் வசதி நின்றாலோ, வழக்கமான தள்ளுபடி ரத்தானாலோ, தேதியோடு குறித்துவைத்து எழுத்தில் காரணம் கேளுங்கள். அதுவே இன்னொரு புகாராகலாம்.

படி 8: தீர்ப்புக்குப் பிறகு

நடுவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நிறுவனம் நிறைவேற்றாவிட்டால் கோர்ட் மூலம் நிறைவேற்றலாம். மேல்முறையீட்டுக்கு இடம் மிகக் குறைவு: நடுவருக்கு அதை விசாரிக்க அதிகாரமே இல்லை, விசாரணையில் கடுமையான முறைகேடு, சட்டக் கேள்வியில் தவறு. இவற்றில் ஒன்றைக் காட்டி 28 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். வாடகைத் தொகை பிடிக்கவில்லை என்பதற்காகப் போக முடியாது. நிறுவனங்கள் சில தீர்ப்புகளை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனதுண்டு. அப்படி நடந்தால் அந்தக் கட்டத்தில் செலவு விதிகள் வேறு, 2,000 பவுண்டு வரம்பை அங்கே நம்பிவிடாமல் உடனே சொலிசிட்டரைப் பாருங்கள்.

உங்கள் நிறுவனம் 500 பப்புக்குக் குறைவானதா?

அப்போது அட்ஜுடிகேட்டரிடம் போக முடியாது. ஆனால் தொழில் துறையே அமைத்த இரண்டு தன்னார்வத் திட்டங்கள் உண்டு. வாடகைத் தொகையில் மட்டும் சண்டை என்றால் பிர்ஸ் எனப்படும் திட்டத்தில் தனி மதிப்பீட்டாளர் தொகையைத் தீர்மானிப்பார். மற்றத் தகராறுகளுக்கு பிக்காஸ் எனப்படும் சமரச, நடுவர் சேவை இருக்கிறது. இவை சட்டத்தால் வந்தவை அல்ல, நிறுவனம் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறியைச் சார்ந்தவை. எனவே குத்தகை எடுக்கும்போதே 'உங்கள் நிறுவனம் இவற்றில் சேர்ந்திருக்கிறதா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.

ஸ்காட்லாந்தில் பப் எடுப்பவர்களுக்கு இந்தப் படிகள் அப்படியே பொருந்தாது. அங்கே ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் 2021-ல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது, அட்ஜுடிகேட்டரும் தனி. அவர்கள் வெளியிட்ட விதிகளைப் படித்துத்தான் அங்கே நாள் எண்ண வேண்டும்.